ஆறு பத்து வண்டியும் மூன்று சாட்சிகளும்

ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் காலை, தாமதமாகப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது சாவுச் செய்தி வந்தது. ‘ஆறு பத்து’ என்று நாங்கள் பெயர் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில், பஸ்ஸில் பழக்கமான தேசம்மாவின் குரல். அவளுக்கு எழுதத் தெரியாது, எதுவானாலும் பேசித்தான் அனுப்புவாள். “டீச்சரம்மா, கண்டக்டர் அண்ணன் பூட்டாரு. காவடிக் கூட்டத்துல பஸ்ஸ திருத்தணிக்குள்ள வுடல. நான் நடந்துகினு போறேன். நீங்களும் வந்து சேருங்க.” அவ்வளவுதான். செருப்பைப் போட்ட காலோடு வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

எல்லை தாண்டி ஆந்திரப் பக்கத்து ஊரிலிருந்து காலை ஆறு பத்துக்குக் கிளம்பி, பள்ளிப்பட்டு வழியாக ஏழரைக்குள் திருத்தணி வந்து சேரும் வண்டிக்குப் பதினோரு வருடம் நடத்துநராக இருந்தவர் தணிகாசலம். அந்த வண்டியில் வந்தவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சில்லறை இல்லை என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஓடிவருகிற ஆளை விட்டுவிட்டு விசில் அடித்ததும் இல்லை. ஆனால் அவர் வீட்டுக் கம்பியில் குத்தி வைத்திருந்த காலண்டர் தாள்களைப் பார்த்தவர்கள் நம்மில் நாலைந்து பேர்தான் இருப்போம். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. படித்துவிட்டு, திருத்தணிக்குப் பக்கத்தில் ஆசிரியை வேலைக்கு வந்தவள். வீடு பள்ளிப்பட்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பாடக் குறிப்பை வண்டியிலேயே எழுதி முடிப்பது என் வழக்கம். ஒரு நாள், கிராமத்து மக்கள் சேர்ந்து சங்கம் அமைத்தார்கள் என்பதை அவசரத்தில் ‘பில்ட் அன் அசோசியேஷன்’ என்று எழுதியிருந்தேன். டிக்கெட் கிழித்துக்கொடுத்த கை அப்படியே நின்றது. குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: “மேடம், தப்பா நெனைக்காதீங்க. அந்த வார்த்தை கூட ‘பில்ட்’ ஏறினத நான் இன்னும் பாக்கல. ‘ஃபார்ம்’ ஏறும், ‘ஜாயின்’ ஏறும். நீங்க எங்கனா பாத்திருந்தா சொல்லுங்க, எழுதி வெச்சிக்கிறேன்.”

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பத்தாம் வகுப்பு படித்த கண்டக்டர் எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பதா என்று இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டில் இருந்த தடித்த அகராதிகளைப் புரட்டினேன். ‘பில்ட்’ எதிலும் வந்து ஏறவில்லை. பதினைந்தாம் நாள் நானாகவே போய், நீங்கள் சொன்னதுதான் சரி என்றேன். அவர் முகத்தில் ஜெயித்த சந்தோஷம் கொஞ்சமும் இல்லை. எந்தெந்த அகராதி என்று பெயர் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அவருக்கு ஆங்கிலத்தில் எல்லாச் சொல்லும் வேண்டியிருக்கவில்லை. ‘அசோசியேஷன்’ என்ற ஒரே ஒரு சொல்தான். அது எந்தெந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது, எதோடு சேராது, அதைத்தான் முப்பது வருடத்துக்கு மேல் சேகரித்தார். தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளின் பின்பக்கம், தாளுக்கு ஒரு சேர்க்கை. அதற்குக் கீழே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு, அதை எங்கே பார்த்தார், யார் வாயால் கேட்டார் என்று எழுதுவார். வெவ்வேறு இடத்தில் மூன்று சாட்சி கிடைத்தால்தான் அந்தத் தாள் கம்பியில் ஏறும். கிடைக்காத தாள்கள் தோல்பைக்குள்ளேயே கிடக்கும், சில தாள்கள் வருடக்கணக்கில் கிடந்தன. ஒரு சாட்சி எங்கேயாவது உளறியிருக்கும், இரண்டு பேர் பேசி வைத்துக்கொண்டிருக்கலாம், மூன்று பேர் பொய் சொல்லமாட்டார்கள் என்பது அவர் கணக்கு.

சாட்சிகளை அவர் பிடித்த இடங்களைக் கேட்டால் சிரிப்பு வரும். வடை மடித்துக் கொடுத்த ஆங்கிலப் பேப்பர், பயணி இருக்கையில் மறந்துவிட்டுப் போன மாத இதழ், மலையடிவாரத்தில் அன்னதானப் பந்தலுக்குக் கட்டிய பேனர், வக்கீல் ஒருவர் படித்துக்கொண்டு வந்த தீர்ப்பு. ‘இன் அசோசியேஷன் வித்’ என்ற சேர்க்கைக்கு மட்டும் சாட்சி கணக்கில்லாமல் சேர்ந்தது. நம் ஊரில் மஞ்சள் நீராட்டு விழாவுக்கும் அதைப் போட்டு பேனர் வைக்கிறார்களே என்று சிரிப்பார். அவர் மனைவி கமலா அக்கா ஒருமுறை என்னிடம் சொன்னார்: “இன்னொரு பொம்பளையா இருந்தா இழுத்து வெச்சி கேட்டிருப்பேன். ஒரு வார்த்தைய பிடிச்சிகினு சுத்துற ஆள நான் இன்னான்னு கேக்கறது?”

ஏன் இந்த ஒரு சொல் என்று எல்லோரையும் போல நானும் கேட்டேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு மெமோ வந்ததாம். ஒரு தகராறில் பேருந்துக் கண்ணாடியை உடைத்த சிலரோடு உனக்கு என்ன ‘அசோசியேஷன்’, விளக்கம் கொடு என்பது அதன் சாரம். அந்தச் சொல்லுக்குத் தொடர்பு என்றும் பொருள் உண்டு என்பது அவருக்குத் தெரியாது. சங்கம் என்றால் அசோசியேஷன், தானும் சங்க உறுப்பினர், அதைத்தான் கேட்கிறார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி, ஆமாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். செய்யாத காரியத்துக்கு மூன்று மாதம் வேலை போயிற்று. கைக்குழந்தையோடு கமலா அக்கா அம்மையார்குப்பத்தில் தாய்வீட்டுக்குப் போய்த் தறிவேலை செய்து சமாளித்திருக்கிறார். திரும்ப வேலைக்கு வந்த அன்று ஆரம்பித்ததுதான் அந்த முதல் தாள். “அது யார் யார் கூட சேந்து வருதுன்னு தெரிஞ்சிக்காம இனிமே கையெழுத்து போடறதில்லன்னு அன்னிக்கு முடிவு பண்ணேன் மேடம்” என்றார். சொல்லும்போது குரலில் கசப்பு எதுவும் தெரியவில்லை.

இப்படி ஒரு மனிதரா என்று நான் வியந்த நாள் ஒன்று உண்டு. நம்மில் பலருக்கு அதன் பாதிதான் தெரியும்.

எட்டு வருடத்துக்கு முன்பு ஆறு பத்து வண்டியை நிறுத்திவிட்டு, ஏழே காலுக்குப் பள்ளிப்பட்டிலிருந்து மட்டும் ஒரு வண்டி விடப்போவதாகப் பேச்சு வந்தது. எனக்கு அதனால் வரக்கூடியது பள்ளிக்கூடத்தில் ஒரு தாமதக் குறி. தேசம்மாவுக்கு அப்படியில்லை. அவள் கணவர் முனிரத்தினத்துக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரம் மூன்று நாள் திருத்தணியில் டயாலிசிஸ், ஏழரை மணிக்கு முதல் முறை. அடுத்த முறைகளில் இடமில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் வயல்வேலைக்குப் போகிற குடும்பம், வாரம் மூன்று முறை கார் வைத்துக்கொள்ள வழியில்லை. ஆறு பத்து நின்றால் அந்த மனிதர் பிழைக்க மாட்டார் என்பது வண்டியில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். “இன்னா பாவா, வண்டி நிக்குமா?” என்று தணிகாசலத்தைக் கேட்பார். உறவு ஒன்றுமில்லை, அந்தப் பக்கத்துப் பழக்கத்தில், மச்சானைக் கூப்பிடுவதுபோல், பாவா என்று கூப்பிடுவார். நிக்காது, நீ ஏறு என்பார் இவர்.

இரண்டு மாநிலமும் சம்பந்தப்பட்ட வண்டி என்பதால் மனு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்றார்கள். எழுதுவது நான் என்று முடிவாயிற்று. பயணிகள் சார்பில் மனு எழுத நடத்துநர் துணை போகக்கூடாது, தெரிந்தால் அவர் வேலைக்கு ஆபத்து. ஆனாலும் முதல் வரியை அவர்தான் சொன்னார். நாங்கள் பதிவு செய்த சங்கம் இல்லை, தலைவர் செயலாளர் கிடையாது, ஆனால் சேர்ந்திருக்கிறோம். அதற்கு அவரிடம் புதிதாக ஒரு சேர்க்கை இருந்தது: ‘லூஸ் அசோசியேஷன்’, தளர்வான கூட்டு. பொம்மை செய்கிற சில கலைஞர்கள் கட்டுப்பாடு எதுவும் இல்லாமல் ஒன்றாக வேலை செய்வதைப் பற்றி வடை மடித்த பேப்பரில் படித்திருக்கிறார். அதில் அவருக்கு ஒரு மயக்கம். ஒரு சாட்சிதான், ஆனால் நம்ம வண்டிக்கென்றே செய்தது போல இருக்கிறது மேடம் என்றார். எம்.ஏ. படித்த எனக்கு அந்த இடத்தில் லேசாக இடறியது. இருந்தும் அதற்குள் என் காதைவிட அவர் தாள்களை நான் அதிகம் நம்பத் தொடங்கியிருந்தேன். அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. மனுவில் கண்டபடி இவர்கள் பொறுப்பேற்க ஆளில்லாத, தொடர்பில்லாத சிலர் என்று தெரிவதால், இதைப் பயணிகளின் பொதுக் கோரிக்கையாக ஏற்க இயலவில்லை என்று இருந்தது. நாங்கள் எழுதிய அதே இரண்டு சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தார்கள். வண்டியில்தான் அவரிடம் அதைக் காட்டினேன். இரண்டு முறை படித்தார். முன்படிக்குப் பக்கத்தில் இருந்த தன் இருக்கையில் போய் உட்கார்ந்தார், அடுத்த நிறுத்தத்தில் விசில் அடிக்க மறந்துபோனார். திருத்தணியில் எல்லோரும் இறங்கிய பிறகு என்னிடம், “மூணு சாட்சி பாக்காம போட்டுட்டேன். அழகா இருக்குதேன்னு போட்டுட்டேன்” என்றார்.

எழுதியது நான்தான், கையெழுத்தும் என்னுடையதுதான், உங்கள் பெயர் எங்கேயும் இல்லை, வேறு மனு எழுதிக்கொள்கிறேன் என்று எவ்வளவோ சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மறுவாரம், தனக்கு வார விடுமுறையான நாளில், காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மனுவைத் திருப்பிய அதிகாரியின் அலுவலகத்து வாசலில் எங்களுக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தார். நானும் தேசம்மாவும் முனிரத்தினமும் போயிருந்தோம். லீவு நாளில் ஏன் காக்கி என்று கேட்டேன். யார் வந்து சொன்னார்கள் என்று பின்னால் சந்தேகம் வரக்கூடாது பாருங்கள் என்றார்.

அதிகாரி வயதில் சின்னவர், மோசமானவரும் இல்லை. இந்த மனுவைத் தயார் செய்தது யார் என்றுதான் முதலில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தணிகாசலம் ஒரு அடி முன்னால் வந்தார். “அந்த வார்த்தைய போட்டது நான் சார். டீச்சர் மேல தப்பு இல்ல. எனக்கு இங்கிலீஷ் தெரியும்னு நெனச்சிகினு இருந்தேன். தெரியல.” முப்பது வருடம் ஒரு சொல்லைக் காவல் காத்தவர், அது தனக்குத் தெரியாது என்று ஊரறிய ஒப்புக்கொண்டார்.

அதிகாரி மனுவை ஓரமாகத் தள்ளினார். சரி, இந்த ஆட்களுக்குள் என்ன தொடர்பு, அதையாவது சொல்லுங்கள் என்றார்.

அதன் பிறகு நடந்ததை நான் இன்னும் நம்ப முடியாமல்தான் நினைத்துப் பார்க்கிறேன். தணிகாசலம் கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. முதல் நிறுத்தத்திலிருந்து ஆரம்பித்தார். முனிரத்தினம் ஏறுவதற்குள் ஓட்டுநருக்குப் பின்னாலிருக்கும் இருக்கையை யாரும் தொடுவதில்லை, அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை. இரண்டாவது நிறுத்தத்தில் மல்லிகைக் கூடையோடு ஏறும் அம்மாவுக்குக் கூடையைத் தூக்கிக் கொடுப்பது நர்சிங் படிக்கிற இரண்டு பெண்கள், அந்தப் பெண்களை வகுப்பு வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் அந்த அம்மா கடைக்குப் போவார். தறிக்கான பாவு நூல் மூட்டையோடு வருகிறவருக்கு ஒரு கண் தெரியாது, கரும்பு வெட்டப் போகிற ஆட்கள்தான் அவருக்கு இறங்கும் இடம் சொல்லுவார்கள். ஒருவர் நிறுத்தத்தில் இல்லையென்றால் யார் யாருக்கு போன் போடுவார்கள், யார் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது யார் மாத்திரை வாங்கி வந்தார்கள், என் அம்மா இறந்தபோது எத்தனை பேர் வேலைக்குப் போகாமல் பள்ளிப்பட்டில் இறங்கினார்கள். முப்பத்தேழு பேர். பெயரும் ஊரும் யாரோடு யார் என்பதும், நிறுத்தம் நிறுத்தமாக, ஒன்றும் முன்னே பின்னே ஆகாமல் சொல்லிக்கொண்டே போனார். இருபது நிமிஷம் ஆகியிருக்கும். அதிகாரி பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டார். பக்கத்து மேஜையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண்ணும் எழுந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசி ஆளைச் சொல்லி முடித்த பிறகு, “இதுக்கு இங்கிலீஷ்ல இன்னா வார்த்தை சேக்கணும்னு எனக்கு தெரியல சார். அதுக்காக வண்டிய நிறுத்தாதீங்க” என்றார்.

அவர் சொன்னதையெல்லாம் அப்படியே எழுதி, முப்பத்தேழு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவரச் சொன்னார் அதிகாரி. எழுதினோம். தேசம்மா கட்டைவிரலை மையில் அழுத்தி வைத்தாள், அவ்வளவு அழுத்தத்தில் காகிதம் லேசாகக் கிழிந்தது. வண்டி நிற்கவில்லை. இன்றைக்கும் ஆறு பத்துக்குத்தான் கிளம்புகிறது.

நமக்கு நல்லது நடந்த கையோடு அவருக்கு மெமோ வந்தது. அதை நம்மில் யாரிடமும் அவர் சொல்லவில்லை, எனக்கே கமலா அக்கா சொல்லித்தான் தெரியும். பணியில் இருக்கும் ஒரு நடத்துநருக்கு மனு கொடுத்த பயணிகளோடு என்ன ‘அசோசியேஷன்’, விளக்கம் தருக. முப்பது வருடம் கழித்து அதே சொல், அதே கேள்வி. விழுந்தடித்துக்கொண்டு திருத்தணிக்கு ஓடினேன். அவர் வீட்டில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கம்பியிலிருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டு எழுதிவிடலாம், நான் எழுதித் தருகிறேன் என்றேன். வேண்டாம் மேடம், இந்தத் தடவை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்லிப் பதிலின் நகலைக் காட்டினார். ஒரே வரி. மை அசோசியேஷன் வித் தீஸ் பாசெஞ்சர்ஸ் இஸ் லாங் அண்ட் குளோஸ். நீண்ட நாளையது, நெருக்கமானது. இரண்டுக்கும் சாட்சி இருக்கிறதா என்று பாதி விளையாட்டாகக் கேட்டேன். ‘லாங்’குக்கு மூன்றும் சரியாக இருக்கிறது, இன்னொன்று நேற்றுதான் முடிந்தது என்றார். அப்போது நான் அதைத் துருவிக் கேட்கவில்லை.

அவரைத் திருவாலங்காடு பக்கம் போகிற வேறு வண்டிக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அவர் ஆறு பத்தில் கால் வைக்கவில்லை. ஓய்வு பெற்ற மறுநாள் மாலையே பஸ் ஏறித் தேசம்மா ஊருக்குப் போய், அவர்கள் வீட்டில் தங்கி, காலையில் பயணியாக ஆறு பத்தில் ஏறி டிக்கெட் எடுத்தாராம். பள்ளிப்பட்டில் நான் ஏறியபோது ஓட்டுநருக்குப் பின்னாலிருந்த இருக்கையில் முனிரத்தினத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். “பாவாவுக்கு நான்தான் இடம் போட்டேன்” என்றார் முனிரத்தினம். அந்த மனிதர் அதன் பிறகும் இரண்டு வருடம் அந்த வண்டியில் வந்து போனார்.

சாவுச் செய்தி வந்த அன்று நான் திருத்தணி போய்ச் சேர்ந்தபோது உடலை எடுக்கிற நேரம் ஆகியிருந்தது. மலைக்குப் போகிற காவடிகளுக்கு வழிவிட்டு, பாடை தெருமுனையில் நின்று நின்று போனது. ஆறு பத்தில் வந்தவர்கள் ஏறக்குறைய எல்லோருமே இருந்தார்கள், தேசம்மாவின் அந்த ஒரு குரல் செய்திக்கே. காரியம் முடிந்து, கமலா அக்கா என்னை உள்ளே கூப்பிட்டார். தாள்கள் குத்திய கம்பிகளும் அந்தத் தோல்பையும் ஒரு அரிசிப் பையில் இருந்தன. “உனக்குத்தான் இது புரியும், எடுத்துகினு போ” என்றார். புரியும் என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை, வாங்கிக்கொண்டேன்.

அங்கேயே தேசம்மாவும் நானும் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தோம். ‘லூஸ் அசோசியேஷன்’ தாளை அவர் கிழித்துப் போடவில்லை. கீழே, ‘ஒரு சாட்சி. போதாது. என் தப்பு’ என்று தமிழில் எழுதித் தோல்பைத் தாள்களோடு வைத்திருந்தார். கடைசிக் கம்பியில் நான் தேடியது இருந்தது. ‘குளோஸ் அசோசியேஷன்’. ஒன்று, ஒரு ஆங்கிலப் பேப்பர். இரண்டு, அந்த வக்கீலின் தீர்ப்பு. மூன்றாவது எண்ணுக்கு எதிரே வருடக்கணக்கில் வெறுமையாக இருந்த இடத்தில், வேறு நிற மையில், மெமோவுக்குப் பதில் எழுதிய அன்றைக்கு முந்தின நாள் தேதியிட்டு அவர் எழுதியிருந்தார்: ஆறு பத்து வண்டி.

அந்தத் தாள் இப்போது என் பாடக் குறிப்பேட்டுக்குள் இருக்கிறது. மற்றவற்றைப் பத்திரப்படுத்தி வைப்பேன், இதை மட்டும் தினமும் கையோடு கொண்டு போவேன். ஒரு சொல்லை எழுதுவதற்கு முன்னால் சாட்சி தேடுகிற பழக்கமும் அவரிடமிருந்து என்னோடு வந்துவிட்டது. தப்பானால் ஒரு அடி முன்னால் வந்து நிற்கிற பழக்கம் இன்னும் வரவில்லை, முயற்சி செய்கிறேன்.

அன்று அந்தத் தாளைப் பிரித்தபோது, என்ன எழுதியிருக்கிறது என்று தேசம்மா கேட்டாள். அந்தச் சொல்லின் பொருளைச் சொல்லி, சாட்சிகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். மூன்றாவதைப் படித்ததும் தாளை என் கையிலிருந்து வாங்கி, எழுத்தின் மேல் அந்தக் கட்டைவிரலை வைத்துக்கொண்டு சொன்னாள்: “ஆங். நாமதான்.”